நுரைத்தக்கை எரிமலைகள்!

ஆண்டுதோறும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அறிவியற் கண்காட்சி எனும் பெயரால் ஒரு திருவிழா நடந்தேறுகிறது. நீண்ட பலகைகளின்மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் தெர்மாகோல் எனும் நுரைத்தக்கையாலான அணைகளும் எரிமலைகளும் கோள்களும் அடுக்கப்பெறுகின்றன. கல்வி அலுவலர் வருகிறார், நாடாவை வெட்டுகிறார். பலகையின் பின்னே நிற்கும் பிள்ளை, தான் உருப்போட்ட நான்கு வரிகளை, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. அலுவலர் அதன் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த பலகைக்கு நகர்கிறார். மாலையில் அந்த அணை உடைபடாமலே குப்பைக்குப் போகிறது. உடைபட்டிருந்தாலாவது அப் பிள்ளை ஏதேனும் கற்றிருக்கும்!

மாதிரி என்று பலரும் வழங்கும் ஒப்புருவைப் பிள்ளையே செய்தல் வேண்டும் என்பதுதானே இத் திருவிழாவின் நோக்கம்? ஆனால் செய்பவர் யார்? முதல்நாள் இரவு கண்விழித்து வெட்டி ஒட்டுபவர் தந்தை. வண்ணம் தீட்டுபவர் தாய். இருவர்க்கும் நேரமில்லையேல் எழுதுபொருட் கடையில் ஆயத்தமாக விற்கும் உருவை விலைக்கு வாங்கிவந்து, அதன்மேல் மகன் பெயரை ஒட்டிவிடுவது! பிள்ளையின் கையில் ஒட்டுப்பசைகூடப் படவில்லை. இதற்கு முதற்பரிசு, பரிசோடு ஒரு படம், படத்தோடு ஒரு செய்தி. அறிவியல் வளர்கிறதாம்!

வாங்கிய பொருளாயினும் அது உண்மையைச் சொன்னாலும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பொய்யையன்றோ சொல்லுகிறது! களிமண் குன்றின் உச்சியில் ஒரு குழி; அதில் சமையற்சோடா; அதன்மேல் சிவப்பு நிறம் கலந்த புளிக்காடி. நுரை பொங்கி வழிகிறது, கை தட்டுகின்றனர், எரிமலை பற்றிய பாடம் முடிந்தது. எரிமலையில் காடி எங்கே இருக்கிறது? சோடா எங்கே இருக்கிறது? ஆழத்தே உருகிய பாறைக்குழம்பு மேலெழ மேலெழ அதன்மீதுள்ள அழுத்தம் குறைகிறது. அதனுட் கரைந்து கிடந்த நீராவியும் வளிகளும் குமிழிகளாகப் பிரிந்து பருத்து அதனை வெளியே உந்துகின்றன. இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர்க்கு ஒரு புட்டிச் சோடாநீர் போதும். மூடியைத் திறந்தால் அழுத்தம் குறைந்து குமிழி எழுவதைப் பிள்ளை கண்ணாற் காணும். ஆனால் சோடாப்புட்டி எரிமலையைப்போல் தோற்றமளிக்காது. அலுவலர் படம் எடுத்துக்கொள்ள மாட்டார். ஆகவே தோற்றத்தில் ஒத்து உண்மையில் ஒவ்வாததே பலகையேறுகிறது.

கதிரவக் குடும்பமும் அத்தகையதே. ஓர் அட்டையில் எட்டுப் பந்துகள், நடுவே மஞ்சளாக ஒரு பெரும்பந்து, எல்லாம் சாண் இடைவெளியில். நாம் வாழும் ஞாலத்தை 1 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு சுண்டைக்காய் என்று கொள்வோமாயின், கதிரவன் 109 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையாதல் வேண்டும். அதாவது மூன்றரை அடிக்கும் சற்று மேல். நிலா கடுகினும் சிறிது பெரியது. அது சுண்டைக்காயிலிருந்து ஓர் அடித் தொலைவில். சுண்டைக்காய்க்கும் கதிரவனுக்கும் இடையே 117 மீட்டர்! நெப்டியூன் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டருக்கு அப்பால், அடுத்த சிற்றூரின் எல்லையில். பள்ளி வாயிற்சுவரில் ஒரு வட்டத்தைக் கரியால் வரைந்துவிட்டு, கையிற் சுண்டைக்காயோடு 117 மீட்டர் நடந்த பிள்ளை, திரும்பிப் பார்த்து வாய்பிளந்து நிற்கும். வானத்தின் பெருமை அன்று அதன் காலுக்குத் தெரியும். இதற்கு ஆகும் செலவு ஒரு கரித்துண்டும் ஒரு சுண்டைக்காயும்தாம். அட்டைப் பந்துகளோ அப் பெருமையைத் திருடிக்கொள்கின்றன.

ஒப்புரு என்பது பார்வைப் பொருளன்று. அது வினவும் பொருள். அது ஓடாதபோதும் உடையும்போதும் பொய்க்கும்போதுமே மிகுதியாகக் கற்பிக்கிறது. இது வெறும் பேச்சன்று. அறிவியல் வரலாறே இதற்குச் சான்று.

கிளாசுகோப் பல்கலைக்கழகத்தில் இயற்கை மெய்யியல் வகுப்பில் மாணவர்க்குக் காட்டுவதற்கென்றே நியூக்கோமன் நீராவிப் பொறியின் சிற்றுரு ஒன்று இருந்தது. அது சரிவர ஓடவில்லை. 1763–64 பனிக்காலத்தில் அதனைச் செப்பனிடும் பணி சேம்சு வாட்டு எனும் கருவி செய்வோரிடம் வந்தது. உருளையின் விட்டம் 2 அங்குலம். உந்துதண்டின் ஓட்டம் 6 அங்குலம். பழுது நீக்கிய பின்னரும் சில அடிகளே அடித்து நின்றுவிட்டது. கொதிகலத்தின் நீராவி போதவில்லை. வேறொருவராயின் "பொம்மைதானே" என்று அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்பர். வாட்டோ ஏன் என்று கேட்டார். உருளை சிறுக்கச் சிறுக்க, அது கொள்ளும் நீராவியை நோக்க அதன் சுவர்ப்பரப்பு மிகுகிறது; அதனால் வெப்ப இழப்பும் மிகுகிறது என்று கண்டார். அதன் மேலும் சென்றார்: ஒவ்வோர் அடிக்கும் உருளையைக் குளிரவைத்து மீண்டும் சூடாக்குவதால், பெரும்பொறியிலும் நீராவியின் பெரும்பகுதி வீணாகிறது என்று கண்டார். 1765-இல், நீராவியை வேறொரு கலத்தில் குளிர்விக்கும் கருத்து அவர்க்குத் தோன்றியது; 1769-இல் அதற்கு உரிமம் பெற்றார். உலகத் தொழிலின் போக்கை மாற்றிய அக் கருத்து, வகுப்பறையில் ஓட மறுத்த ஒரு சிற்றுருவின் வயிற்றிற் பிறந்தது. அச் சிற்றுரு வண்ணம் பூசிய நுரைத்தக்கையாக இருந்திருந்தால்?

அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னைக்கு அண்மையில், கொற்றலை ஆற்றங்கரையில், பூண்டியில் 1944-இல் தொடங்கப்பெற்ற நீரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. அணைகள், மதகுகள், கலிங்குகள் ஆகியவற்றின் சிற்றுருக்களை அமைத்து, நீரோடவிட்டு ஆயும் இடம் அது. அங்கே கணக்கு வேறு. 25 மடங்கு சிறிதாக்கிய கலிங்கில் நீரின் விரைவு 25-இல் ஒரு பங்காவதில்லை. 5-இல் ஒரு பங்கே ஆகிறது. நொடிக்கு ஓடும் நீரின் அளவோ 3125-இல் ஒரு பங்கு. ஏன்? அணையைச் சிறிதாக்கலாம், ஞாலத்தின் ஈர்ப்பை யாரும் சிறிதாக்கிவிட முடியாதன்றோ? இந்த ஒரு கணக்கைப் பள்ளி வாய்க்காலில், செங்கல்லும் களிமண்ணும் கொண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்து பார்க்குமாயின், பொறியியலின் வாயில் அதற்குத் திறந்துவிடும். கண்காட்சியில் வைக்கும் அணையிலோ நீரே இல்லை, நீலத்தாள் ஒட்டியிருக்கிறது!

சென்னைப் பல்கலைக்கழகத்திலே இதனினும் பெரிது நடந்தது. கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாசன் எனும் புரதத்திற்குக் கோளமும் கம்பியும் கொண்ட ஒப்புரு சமைத்து, அது மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பென்று 1954-இல் வெளியிட்டனர். மறு ஆண்டிலேயே அதனைத் திருத்தி, மூவிழையும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டவை என்றனர். இங்கிலாந்திலிருந்து கிரிக்கும் இரிச்சும் குறை கூறினர்: அந்த ஒப்புருவில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று. இராமச்சந்திரன் ஊடிக்கொண்டு போய்விடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆயத் தொடங்கினார். அந்த ஆய்வே 1963-இல் இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட, இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்கும் வரைபடமாயிற்று. புரதங்களின் வடிவை ஆயும் எவரும் இன்றும் அதனைக் கொண்டே தம் வேலையைச் சரிபார்க்கின்றனர். ஓர் ஒப்புருவின்மீது சொல்லப்பட்ட குற்றம், ஒப்புருவினும் பெரிய கண்டுபிடிப்பை ஈன்றது. சென்னையில் நடந்த இதனைச் சென்னைப் பிள்ளைகளுள் எத்தனை பேர்க்குச் சொல்லியிருக்கிறார்கள்?

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பார் சிலர். பணம் இல்லாமலில்லை. 2016-இல் தொடங்கிய நடுவணரசுத் திட்டத்தின்கீழ், தெரிந்தெடுத்த பள்ளி ஒவ்வொன்றுக்கும் 20 இலக்கம் உருவா வரை வழங்கப்பெறுகிறது. பிள்ளைகள் கையால் செய்து கற்க வேண்டும் என்னும் நோக்கம் நன்று. ஆனால் அதற்கு இட்ட பெயர் 'அடல் டிங்கரிங் லேப்'! பெயரே பிள்ளைக்கு விளங்காத இடத்தில் பிள்ளை எதைத் துணிந்து பிரித்துப் பார்க்கும்? அன்றியும், பெட்டியில் அடைத்து விற்கும் கருவித்தொகுதியைப் படத்திற் கண்டவாறே பூட்டி முடித்தால், அது கட்டளைக்குக் கீழ்ப்படிதலேயன்றிப் படைத்தலாகாது. எட்டாம் முறை பூட்டும்போதும் அது ஒரேவகையாகத்தான் ஓடும்.

கையால் செய்யும் தொழிலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பாரும் உளர். வண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி எனத் தச்சன் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் வைத்திருக்கிறான். ஏரியில் மதகும் மடையும் கலிங்கும் உள்ளன. மூங்கிலால் ஓர் ஏற்றம் செய்து துலாவின் தாங்குபுள்ளியை விரலளவு நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிள்ளைக்கு நெம்புகோல் விதியை மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை, தோளே சொல்லிவிடும். சொல் இல்லாதவர் தச்சரல்லர். தச்சுப்பட்டறைப் பக்கம் போகாத படிப்பாளியரே.

"பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை; மதிப்பெண்ணுக்கு இது உதவாது" என்று ஆசிரியர் பலர் கூறுவதில் உண்மை உண்டு. அவர்மேல் முழுப்பழியும் போடுதல் முறையன்று. எனின் மதிப்பெண்ணையே இதற்குப் பயன்படுத்தலாமே! செய்முறைத் தேர்வுக்கும் கண்காட்சிக்கும் வரும் நடுவர், பிள்ளையிடம் மூன்று வினாக்கள் மட்டும் கேட்கட்டும்: இதை நீ எத்தனை முறை உடைத்துச் செய்தாய்? இது உண்மைப் பொருளை எங்கே ஒக்கவில்லை? அது ஏன்? விடை தமிழிலேயே வரட்டும். திக்கித் திணறியேனும் வரட்டும். விடை சொல்லும் பிள்ளையின் ஒப்புரு கோணலாயிருப்பினும், பசை வழிந்திருப்பினும், ஓடாமலே நின்றுவிட்டிருப்பினும் முழு மதிப்பெண் அதற்கே. விடை வராத பளபளப்புக்குச் சுழியம். அடுத்த ஆண்டுக் கண்காட்சிக்கு வரும் எழுதுபொருட் கடைக்காரர், அன்றே தம் நுரைத்தக்கை எரிமலைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகட்டும்.