பந்தும் பந்தியும்

கல்லூரி வரலாறு எழுதப் புகுவோர் கட்டடங்களின் கணக்கையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் முன்வைத்து, விளையாட்டுக்கு ஈற்றில் ஒரு பக்கம் ஒதுக்குவர். அப்பக்கத்திலும் வென்ற கேடயங்களே இடம்பெறும். ஆடுகளத்தினுள் யார் சேர்க்கப்பட்டனர், யார் வேலிக்கு வெளியே நின்றனர் என்பதை எழுதுவார் அரியர். விழாமலர் தன்னைப் புகழும் ஏடாக மட்டுமன்றித் தன்னை அளந்து பார்க்கும் ஏடாகவும் அமைதல் வேண்டும் என்பது நம் கருத்து. அவ்வளவையை நாட, உதைபந்து நம்மவர் கல்விக்கூடங்களுட் புகுந்த காலத்துச் செய்திகள் சிலவற்றை ஈண்டு நினைவுகூர்வோம்.

கொழும்பில் றோயல் கல்லூரியும் சென் தோமஸ் கல்லூரியும் 1879ஆம் ஆண்டு துடுப்பாட்டத்திற் பொருதத் தொடங்குமுன்னரே, கல்கத்தா மாணவர் உதைபந்தைக் கையில் எடுத்துவிட்டனர். ஹேர் பாடசாலையிற் பயின்ற நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்னுஞ் சிறுவன், 1877இல், ஆங்கிலேயர் ஆடிய திடலுக்கு வெளியே உருண்டுவந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினான் என்பர். பின்னர்த் தோழரோடு காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினான். வாங்கி வந்ததோ றக்பிப் பந்து! மாணவர் படும் பாட்டைக் கண்ணுற்ற பிரசிடென்சிக் கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்பார், நகைத்துவிட்டுப் போகாமல், ஆட்டத்தின் முறையை அவர்க்குக் கற்பித்தார். பாடத்திட்டத்தில் இல்லாத அப்பாடமே இந்தியர் உதைபந்தாட்டத்தின் அரிச்சுவடியாயிற்று.

நகேந்திரர் வளர்ந்து கழகங்கள் பல கண்டார். அவற்றுள் ஒன்றாகிய வெலிங்டன் கழகத்தில் மணி தாஸ் என்னும் குயவர் குல இளைஞனைச் சேர்க்க அவர் முனைந்தபோது, உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதிய உறுப்பினர் மறுத்தனர். நகேந்திரர் அவர்களோடு வழக்காடவில்லை, கழகத்தையே கலைத்தார். சோவாபசார்க் கழகம் என்னும் புதியதொன்றை நிறுவி, முதல் உறுப்பினருள் ஒருவனாக மணி தாசைச் சேர்த்துக்கொண்டார். அக்கழகமே 1892இல் ட்றேட்ஸ் கிண்ணப் போட்டியில் கிழக்குச் சறேப் படைப்பிரிவினரை வென்றது. ஆளும் இனத்தாரின் படையணி ஒன்றை நம்மவர் களத்தில் வீழ்த்தியமை அந்நாளிற் பெருவியப்பு. ஆயினும் அதனினும் பெரிய வெற்றி, அக்கழகம் பிறந்த நாளிலேயே கிடைத்துவிட்டது என்போம்.

ஏறத்தாழ அதே காலத்தில், காசுமீரத்திற் சிறீநகரில், ரிண்டேல் பிஸ்கோ என்னும் பாதிரியார் தாம் நடத்திய பாடசாலைக்குத் தோற்பந்து ஒன்றைக் கொணர்ந்தார். ஆண்டு 1891. தோல் தீட்டென்று அந்தண மாணவர் தீண்ட மறுத்தனர். ஆசிரியரைக் கோலுடன் நிறுத்தி ஆட்டத்தைத் தொடக்குவித்தார் அவர். பந்து ஒருவன் முகத்திற் படவே, தீட்டாயிற்றென்று அவன் அழுதான். வாய்க்கால் நீரில் முகம் கழுவுவித்தனர், ஆட்டம் தொடர்ந்தது. கோலால் விரட்டியது நமக்கு உடன்பாடன்று. அச்சத்தால் ஒன்றுகூடியவர், அச்சம் நீங்கியவுடன் பிரிந்துவிடுதலுங் கூடும். தன் கழகத்தைத் தானே கலைத்த நகேந்திரரின் வழியே ஆசிரியர்க்கும் அதிபர்க்கும் உகந்தது.

சைவ மரபில் வந்த நமக்கு இதனை வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. திருநீலகண்ட நாயனார் தில்லையிற் குயவர். திருநாளைப்போவாரோ கோயிற் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். அவர் கொடுத்த தோலின் ஒலி கருவறை வரை சென்றது. அவரோ வாயிலில் நின்றார். அவரை நாயனார் என்று தொழுதுகொண்டே அவர் வழிவந்தாரைப் பந்தியினின்றும் விலக்கி வைத்த முரண்பாடு நம் சமுதாயத்தது. பந்தியில் ஒன்றாய் அமரத் தயங்கிய மக்களைப் பந்து ஒன்றாய் ஓட வைத்தது. கொழும்பில் 1897 ஜனவரியில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தர், அடுத்த மாதம் சென்னையில் இளைஞரை நோக்கி, கீதையைக் கற்பதினும் உதைபந்தாட்டம் அவரை விண்ணுலகுக்கு அணித்தாக்கும் என்னும் பொருள்பட உரைத்ததும் ஈண்டு நினையத்தக்கது. மெலிந்தார்க்கு மெய்ப்பொருள் விளங்காது என்பதே அவர் கருத்து.

இனி நம் நிலையை நோக்குவோம். குலத்தைச் சொல்லி ஒருவனை விலக்க இன்று எவரும் வெளிப்படையாகத் துணியார். ஆனால் வேலி வேறு உருவில் நிற்கின்றது. 1911இல் மோகன் பகான் அணியினர் கிழக்கு யோக்சயர்ப் படைப்பிரிவினரை வென்று கேடயங் கொண்டபோது, அவருட் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். இன்றைய விதிகளோ சப்பாத்தின்றிக் களம் புக இடங்கொடா. கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வரும் பையனுக்குக் காலில் வேகம் உண்டு, சப்பாத்து இல்லை. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோரப் புகையிரதப் பாதைக்கும் இடையே அடுக்குமாடியில் வாழும் பையனுக்குச் சப்பாத்து உண்டு. ஓட நிலமும் இல்லை, நேரமும் இல்லை. மாலை முழுவதும் தனிவகுப்பு. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியை அஞ்சும் பெற்றோரை நாம் குறைகூறோம். அவ்வச்சம் மெய்யான அச்சமே. எனினும் வாரத்தில் இரு மாலைகள் ஓடியாடுவதால் கெட்டுப்போகும் கல்வி, முன்னரே உறுதியற்ற கல்வியாகும்.

ஆதலின் பழைய மாணவர்க்கு மூன்று விண்ணப்பங்கள். கேடயம் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குச் செலவிடுமுன், பல அளவிலான சப்பாத்துகளைக் கல்லூரிப் பொதுவுடைமையாக வாங்கி வையுங்கள். இரவலென்று நாணாது எவனும் எடுத்தணியட்டும். பதினொருவர் அணி ஒன்றோடு அமையாது, வகுப்புக்கோர் அணி ஆடுதற்கு வழிசெய்யுங்கள். வாரத்தில் இரு மாலைகளைத் தனிவகுப்புக்குக் கொடாது காக்குமாறு பெற்றோரிடம் எடுத்துரையுங்கள். ஆசிரியர் சொல்லினும் உங்கள் சொல் அவர் செவியில் ஏறும்.

அடுத்த விழாமலர் எழுதுவோர், எத்தனை கேடயம் வென்றோம் என்பதோடு எத்தனை மாணவர் ஆடினர் என்பதையும் எழுதுவாராக. அவ்வெண் கல்லூரியின் மாணவர் தொகையோடு ஒத்திருக்கும் நாளே நம் வெற்றித் திருநாள். அந்நாள் விரைவில் வருக. நம் கல்லூரி வாழ்க!