பரோஸ்: சுதேசி ஸ்டிக்கர் மட்டும் போதுமா?



"இந்தியாவுக்குன்னு சொந்தமா ஒரு போன் ஓஎஸ் இருக்கு தெரியுமா?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும். ஒரு பக்கம் "சுதேசிடா!" கோஷ்டி, இன்னொரு பக்கம் "போடா, ஆண்ட்ராய்டு காப்பி!" கோஷ்டி. என்னைக் கேட்டால் இரண்டுமே தவறான சண்டை. கேட்க வேண்டிய கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை.

முதலில் சின்ன அறிமுகம். பரோஸ் என்ற இந்த இயங்குதளத்தை 2023 ஜனவரியில் சென்னை ஐஐடியில் அறிவித்தார்கள். ஐஐடியின் பிரவர்த்தக் அறக்கட்டளை ஆதரவில் வளர்ந்த ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது. சில நாட்களிலேயே மத்திய அமைச்சர்கள் அஸ்வினி வைஷ்ணவும் தர்மேந்திர பிரதானும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெயரைக் கேட்டால் இந்தியில் நம்பிக்கை என்று பொருள்படும் 'பரோசா' ஞாபகம் வரும். இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

சொல்லப்பட்ட முக்கிய வசதிகள் மூன்று:

1. முன்கூட்டியே நிறுவிய செயலிகள் கிடையாது. வேண்டாத ஆப்களை நம் தலையில் கட்ட மாட்டார்கள். இடமும் மிச்சம், எந்தச் செயலிக்கு என்ன அனுமதி என்பதும் நம் கையில்.

2. 'பாஸ்' என்ற தனிச் செயலிக் கடை. அந்தந்த நிறுவனத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவரும் செயலிகள் மட்டுமே அதில் கிடைக்கும்.

3. 'நோட்டா'. தேர்தல் நோட்டா இல்லீங்க :-) அப்டேட்கள் தானாகவே இறங்கி, தானாகவே நிறுவிக்கொள்ளும் ஏற்பாடு.

மூன்றும் நல்ல வசதிகள்தான். முதல் வசதிக்கு ஒரு சபாஷே போடலாம்.

இப்போது காப்பி கோஷ்டிக்கு. ஆமாம், ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரல் மீதுதான் இது கட்டப்பட்டிருக்கிறது. அதில் என்ன குற்றம்? யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமம் கொடுத்துத்தான் அதை வெளியிடுகிறார்கள். அமேசானின் ஃபயர் ஓஎஸ்ஸும் அப்படி எடுத்ததுதான். ஆண்ட்ராய்டே லினக்ஸ் கர்னல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வேறு வழியில் போனவர்கள் கதை தெரியுமா? மொசில்லா இணையத் தொழில்நுட்பத்தை வைத்தே ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் செய்தது. 2014 ஆகஸ்டில் இந்தியாவில் 1,999 ரூபாய்க்கு இன்டெக்ஸ் போனில் வந்தது. 2015 டிசம்பரிலேயே போன் விற்பனையை நிறுத்துவதாக மொசில்லா அறிவித்துவிட்டது. மக்களுக்கு வேண்டிய செயலிகள் இல்லாத போனை யார் வாங்குவார்கள்?

அடுத்து சுதேசி கோஷ்டிக்கு. அடித்தள நிரலின் பெரும்பகுதியை எழுதுவது கூகுள். 2025 மார்ச்சில் அந்த வேலையை முழுக்கத் தன் வீட்டுக்குள் கொண்டுபோய், முடித்த பிறகு நிரலை வெளியிடுவோம் என்று சொல்லிவிட்டது. சிப்புக்கான டிரைவர்கள் குவால்காம், மீடியாடெக் போன்ற கம்பெனிகள் கொடுத்தால்தான் உண்டு. இதற்கு மேல் 'சுதேசி' ஸ்டிக்கர் ஒட்டினால் நமக்கே தெரிய வேண்டியது மறைந்துபோகும். 2007-ல் சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் டெபியனிலிருந்து வந்தது. அதைச் சொல்வதால் யாருக்கும் மரியாதை குறைந்துவிடவில்லையே!

சரி, இப்போது உண்மையான கேள்வி. நிரல் எங்கே?

பரோஸை அறிவித்தபோது மூல நிரலை வெளியிடவில்லை. நீங்களோ நானோ இறக்கிப் போட்டுப் பார்க்கவும் வழியில்லை. கடுமையான பாதுகாப்பு தேவைப்படும் நிறுவனங்களுக்கு என்றார்கள். அதே மூச்சில் நூறு கோடி இந்தியர்களுக்குப் பயன்படும் என்றும் சொன்னார்கள். அந்த நூறு கோடிப் பேர் எதைப் பார்த்து நம்புவது? எந்தச் செயலி கடையில் இருக்கலாம் என்று ஒருவர் தீர்மானிக்கிறார். என்ன மாற்றம் என் போனில் தானாக நிறுவப்படும் என்பதையும் ஒருவர் தீர்மானிக்கிறார். இது சின்ன அதிகாரம் இல்லை. இதே மாதிரி அதிகாரத்தை வைத்து ஆடுகிறது என்றுதான் 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மவுண்டன் வியூவில் இருந்த சாவி கிண்டிக்கு வந்தால் மட்டும் பூட்டு நம்முடையதாகிவிடாது.

"பாதுகாப்பு விஷயம்பா, நிரலைக் காட்டினால் ஹேக் பண்ணிடுவாங்க" என்பார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்கள் இதைச் சொல்லக்கூடாது! சாவி தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரிந்தாலும் அமைப்பு பத்திரமாக இருக்க வேண்டும் என்று 1883-லேயே கெர்க்காஃப்ஸ் சொல்லிவிட்டார். கிராபீன்ஓஎஸ்ஸும் இதே ஆண்ட்ராய்டு நிரலில் இருந்து, பாதுகாப்பையே முதல் வேலையாக வைத்துச் செய்வதுதான். அதன் நிரல் திறந்தே கிடக்கிறது.

இன்னொன்று. நம்மைக் கட்டிப்போடும் சங்கிலி இயங்குதளத்தில் மட்டும் இல்லை. 2019-ல் அமெரிக்கத் தடை வந்தபோது ஹுவாவேக்கு ஆண்ட்ராய்டு நிரல் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. கிடைக்காமல் போனது பிளே ஸ்டோரும் கூகுள் சேவைகளும். சீனாவுக்கு வெளியே அதன் போன் வியாபாரம் படுத்துவிட்டது. இங்கேயும் பல வங்கிச் செயலிகள், கூகுள் சான்று இல்லாத போன் என்று தெரிந்தால் திறக்கவே மறுக்கும். யுபிஐ இல்லாத போனை வைத்துக்கொண்டு டீக்கடையில் கூட நிற்க முடியாதே!

ஆகவே கேட்க வேண்டியது மூன்றே விஷயம். நிரலை வெளியிடுங்கள், ஓட்டை இருந்தால் எங்களைப் போன்ற மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்வோம். 'ஆண்ட்ராய்டின் மேல் கட்டியது' என்று பெட்டியிலேயே எழுதுங்கள். அரசுச் செயலிகளும் வங்கிச் செயலிகளும் கூகுள் சேவை இல்லாமலும் ஓட வேண்டும் என்று அரசு ஒரு விதி போடட்டும். மூன்றாவது நடந்தால் பரோஸுக்கு மட்டுமில்லை, நாளைக்கு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து இன்னொரு இயங்குதளம் செய்யப்போகும் யாருக்கும் கதவு திறக்கும்.

பரோசா வேண்டுமென்றால் பார்க்க விடுங்கள். அவ்வளவுதான்.

மாற்றுக் கருத்து இருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டலாம், காரணத்தோடு!