குழலின் அடியில் ஒரு சாசனம்

பிதிரார்ஜிதமாக வந்த நிலத்துக்குப் பட்டா, சிட்டா, அடங்கல் என்று அலுக்காமல் தாலுகா ஆபீஸ் படியேறுகிற நம் குடும்பங்கள், அதே முன்னோர் விட்டுச்சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பீரோவுக்குள் கிடக்கையில் மட்டும், அது எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்யப்பட்டது என்று விசாரிப்பதில்லை. ஒரு கதை இருந்தால் போதுமென்று திருப்தியடைந்துவிடுகின்றன.

தர்மபுரி ஜில்லா பாலக்கோட்டுக்கு அருகே எனக்கு நெடுநாள் பரிச்சயமுள்ள குடும்பம் ஒன்றில் அப்படியொரு கதை உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும், உரிமத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்காக அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டிருந்த வீட்டுப் பெரியவர், "இது திப்பு சுல்தான் காலத்துச் சொத்து, தம்பி" என்றார். அந்த ஐதீகத்துக்கு இம்மண்ணில் ஆதாரமே இல்லையென்று தள்ளிவிடவும் முடியாது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் வசமாகும்வரை, பாலக்கோட்டை உள்ளடக்கிய பாராமகால் சீமை மைசூர் ஆட்சியில்தான் இருந்தது.

ஆனால், தோட்டா இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, அவரே முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைப் பிரித்து, அடிப்பாகத்தில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக் காட்டியபோது வேறொரு சாட்சியம் வெளிப்பட்டது. கிரீடத்தின் கீழே குறுக்கிட்டுக் கிடக்கும் இரண்டு செங்கோல்கள்; அருகில், 'குண்டுக்கு உரியதன்று' என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள். முன்னது, 1813இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட பர்மிங்ஹாம் துப்பாக்கிச் சோதனைச் சாலை 1904 வரையில் இட்டுவந்த முத்திரை. பின்னது, வாய் குறுக்கப்பட்ட குழலில் ரவை போடலாமேயன்றி ஒற்றைக் குண்டு போடலாகாதென்று எச்சரிக்கும் பொருட்டு 1875 முதல் 1887 வரை மட்டுமே பொறிக்கப்பட்டது. திப்பு 1799இலேயே மாண்டவர். ஆக, அவர் மறைந்து முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகே அந்தத் துப்பாக்கி பிறந்திருக்கிறது.

பெரியவரின் முகம் சற்று வாடியது வாஸ்தவம். எனினும் இவ்விஷயத்தில் ஏமாறுபவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். குழல்களுக்கு இடையிலுள்ள பட்டையில் செதுக்கிய பெயரைக் கண்டு, செய்தவர் பெயர் அதுவே என்று முடிவு கட்டுவோர் பலர்; சென்னையில் பி. ஓர் அண்ட் சன்ஸ், கல்கத்தாவில் மாண்டன் போன்ற கடைக்காரர்கள் சீமையிலிருந்து தருவித்த துப்பாக்கிகளில் தம் பெயரைப் பொறித்து விற்றதை அவர்கள் அறியார். குழலின்மேல் நெளிநெளியாக ஓடும் டமாஸ்கஸ் ரேகைகளைப் பார்த்து, பழைய சேலம் ஜில்லாவின் உருக்கு என்று மார்தட்டுவோரும் உண்டு. அவையோ இரும்பையும் எஃகையும் முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிக் காய்ச்சி ஒட்டிய ஐரோப்பியக் கொல்லர்களின் கைவண்ணம். கருமருந்துக்கென்று சோதிக்கப்பட்ட அத்தகைய குழலில் இக்காலத்துத் தோட்டாவை இட்டு வெடிப்பது, விரலையும் கண்ணையும் பணயம் வைப்பதாகும்.

குடும்பக் கதைகள் எல்லாம் பொய்யென்பது என் வாதமன்று. 2019 மார்ச்சில் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில், கும்பினிப் படையின் மேஜர் தாமஸ் ஹார்ட் வழிவந்த குடும்பத்திலிருந்து வெளிவந்த துப்பாக்கி ஒன்று, திப்புவின் சொந்த ஆயுதசாலையைச் சேர்ந்ததென்று இனங்காணப்பட்டு 60,000 பவுனுக்கு ஏலம் போயிற்று. பரிசோதனை சில கதைகளைப் பொய்ப்பிக்கும், சிலவற்றை மெய்ப்பிக்கும். பரிசோதிக்காத கதைக்கு இரண்டு பாக்கியமும் இல்லை.

இப்போது அவசரமும் சேர்ந்திருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்கு 2019இல் வந்த திருத்தம், பரம்பரைச் சொத்தாக வந்தவற்றையும் சேர்த்து ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்கிறது. உரிமதாரர் காலமானால் வாரிசுகள் ஒன்று தம் பெயருக்கு உரிமம் கோர வேண்டும், அல்லது ஆயுதத்தைப் போலீஸாரிடமோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்பெரியவரின் உரிமப் புத்தகத்தில் 'இரட்டைக்குழல், பன்னிரண்டு போர்' என்ற குறிப்பும் ஓர் எண்ணும் மட்டுமே இருக்கின்றன. துப்பாக்கி கைமாறிவிட்டால் அதன் சரித்திரமாக எஞ்சுவது அவ்வளவே.

நடுகல்லில் நிற்கும் வீரன் கையிலுள்ள வில்லையும் வாளையும் பார்த்துப் பழங்காலத்தைப் படிக்கக் கற்ற ஜில்லா இது; அந்தக் கற்களைப் பேணிவரும் அரசு அருங்காட்சியகமும் தர்மபுரியிலேயே இருக்கிறது. தேர்தல் காலத்தில் துப்பாக்கிகள் ஸ்டேஷன்களில் வந்து சேரும் நாட்களில், அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே சென்று முத்திரைகளைப் படம்பிடித்துப் பதிவு செய்வதற்கு ஜில்லா நிர்வாகம் ஏற்பாடு செய்யுமானால், பெரிய செலவின்றி ஒரு சரித்திரம் காப்பாற்றப்படும். அதுவரையில் உரிமதாரர்களுக்கு ஒரு வார்த்தை: குழலின் அடியிலுள்ள குறிகளை ஒரு தாளில் எழுதி உரிமப் புத்தகத்துக்குள் வையுங்கள், கதையை அதன் கீழே எழுதுங்கள்.