குரோக்கஸை அங்கேயே விடுவோம்

ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதத்தில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். லண்டனில் ஹரோ பகுதியில் வசிக்கும் என் சாச்சி அனுப்புவார். குளிரில் வாடிய சிறு புற்றரை. அதன் நடுவே ஊதா, மஞ்சள், வெள்ளை நிறங்களில் விரல் உயரப் பூக்கள். உடனே பதில்கள் குவியும். "மாஷா அல்லாஹ்" என்பார்கள். அடுத்து, "வரும்போது எங்களுக்கும் நாலு கிழங்கு கொண்டு வாங்க" என்பார்கள். அந்த இரண்டாவது பதிலை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. முதன்முதலில் அப்படிக் கேட்டவர் என் உம்மா என்பதால் வீட்டில் கொஞ்சம் பயந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பூவின் பெயர் குரோக்கஸ். அதன் கிழங்கு சின்ன வெங்காயம் அளவில் இருக்கும். ஆனால் வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிக்க முடியாது. சேம்பங்கிழங்கு போல உள்ளே திண்மமானது. செப்டெம்பர், ஒக்டோபரில் கூரிய முனை மேலே இருக்குமாறு எட்டுப் பத்து சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டுவிட்டு மறந்துவிட வேண்டியதுதான். மரங்கள் மொட்டையாக நிற்கும் காலத்தில், சில வருடங்களில் பனியையே துளைத்துக்கொண்டு, பூ வெளியே வரும். வெயில் பட்டால் விரியும், மேகம் மூடினால் குவியும். குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் உறங்கிய பம்பிள்பீ வண்டுகளின் ராணிகள் பசியோடு எழும்பும்போது வேறு பூக்கள் அதிகம் இருக்காது. அவற்றுக்கு இந்தப் பூவின் மகரந்தம்தான் காலை உணவு.

உயிரியல் படிக்கும் எனக்கு மிகவும் பிடித்த விடயம் ஒன்று உண்டு. குரோக்கஸில் நாம் காம்பு என்று நினைப்பது காம்பே அல்ல. இதழ்களின் அடிப்பகுதிதான் குழாயாக நீண்டு மேலே வந்திருக்கிறது. சூலகம் மண்ணுக்குள், கிழங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உறைபனியில் இதழ் கருகினாலும் விதையாக வேண்டிய பகுதி கீழே பத்திரமாக இருக்கும். விதை முற்றும் வேளையில்தான் காய் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கும். குளிரோடு வாழ்வதற்கென்றே அமைந்த செடி இது. பத்துப் பன்னிரண்டு வாரங்களாவது தொடர்ந்து குளிர்ந்த மண்ணில் கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். நுவரெலியாவில் ஜனவரி அதிகாலைகளில் சில நாட்கள் உறைபனி விழுவது உண்மைதான். ஆனால் விடிந்ததும் இதமான வெயில் வந்துவிடுகிறதே!

உம்மா விடவில்லை. நாலு வருடங்களுக்கு முன் உறவினர் ஒருவரின் பயணப் பெட்டியில் எட்டுக் கிழங்குகள் கண்டிக்கு வந்து சேர்ந்தன. இணையத்தில் பார்த்து, கடதாசிப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் பன்னிரண்டு வாரம் வைத்தோம். பக்கத்தில் அப்பிள் வைக்கக் கூடாதாம். பழம் பழுக்கும்போது வெளியாகும் எதிலீன் வாயு உள்ளே உருவாகும் பூவைக் கெடுத்துவிடும். அந்த மூன்று மாதமும் வீட்டில் யாரும் அப்பிள் வாங்கவில்லை. பிறகு சாடியில் நட்டோம். எட்டில் மூன்று பூத்தன. இலைகள் வெளிச்சத்தைத் தேடி நீண்டு சரிந்தன. பூக்கள் இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் கண்டி வெயிலில் துவண்டன. அடுத்த வருடம் எதுவும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் வெறும் சருகு.

இது தவறு என்பதும் பிறகுதான் தெரிந்தது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றிக் கிழங்கோ செடியோ நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் இருப்பதே அதற்காகத்தான். கிழங்கில் ஒட்டியிருக்கும் ஒரு சிட்டிகை மண்ணில் என்ன நோய் வருகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. நாலு பூவுக்காக மரக்கறித் தோட்டக்காரரின் வயிற்றில் அடிக்கும் உரிமை நமக்கு இல்லை.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. குங்குமப்பூவும் ஒரு குரோக்கஸ்தான். காஷ்மீரின் பாம்பூரிலும் ஈரானின் கொராசானிலும் இலையுதிர் காலத்தில் பூப்பது. "வீட்டுச் சாடியில் குங்குமப்பூ" என்ற விளம்பரத்தைப் பார்த்துப் புரியாணிக் கனவு காணும் பெற்றோருக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு பூவில் மூன்று சிவப்பு இழைகள்தான் உண்டு. ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 150,000 பூக்கள் வேண்டும். ஒரு கிராமுக்கு 150. பத்துக் கிழங்கு நட்டு, எல்லாமே நன்றாகப் பூத்தாலும், ஒரு சட்டிப் புரியாணிக்குப் போதுமோ என்னவோ! இதைவிடப் பயங்கரம், பார்ப்பதற்கு அதே போன்ற கொல்சிக்கம் என்ற நச்சுச் செடியும் இருக்கிறது. குரோக்கஸில் மகரந்தக் கேசரங்கள் மூன்று, கொல்சிக்கத்தில் ஆறு. எண்ணிப் பார்க்கத் தெரியாதவர் அதைச் சோற்றில் போடக் கூடாது.

சாச்சியின் கதையையும் சொல்ல வேண்டும். திருமணமாகிப் போன புதிதில் அவர் அங்கே வளர்க்க ஆசைப்பட்டது கறிவேப்பிலை. யன்னலோரம் சாடியில் வைப்பார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது இலை உதிர்த்துச் சாகும். மூன்று கன்றுகள் அப்படிப் போயின. மூன்றாவது செத்தபோது தொலைபேசியில் அழுதாராம். அந்த வருடம் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு பை நிறையக் குரோக்கஸ் கிழங்கு கொடுத்தார். பாதியை அணில்கள் தோண்டித் தின்றன. மீதி பூத்தது. அந்த மண்ணில் சாச்சி நட்டு, தானாக முளைத்த முதல் செடி அதுதான்.

குரோக்கஸில் பழைய கிழங்கு ஒவ்வொரு வருடமும் சுருங்கிப் போக, அதன் தலைமேல் புதுக் கிழங்கு உருவாகும். பக்கத்தில் குட்டிகளும் வரும். இலைகள் தாமாகவே மஞ்சளாகும்வரை, ஆறு வாரமாவது, புல் வெட்டக் கூடாது. சாச்சா இயந்திரத்தைத் தொட்டால் வீட்டில் சண்டைதான். இருபது கிழங்கு ஒரு தரை நிறைய ஆவதற்குப் பல வருடங்கள் எடுக்கும். இதையெல்லாம் நான் விளக்கியபோது உம்மும்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அவள் இனி இங்க வந்து இருக்க மாட்டாள்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் முற்றத்தில் மழை லில்லி இருக்கிறது. நல்ல மழை பெய்து சில நாட்களில் இளஞ்சிவப்பாகத் திடீரென்று பூக்கும். உருவத்திலும் குரோக்கஸுக்குக் கிட்டத்தான். அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் எங்கள் மழையும் வெயிலும் அதற்கு ஒத்துப்போய்விட்டன. யாரும் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியதில்லை. அதைப் படம் எடுத்துச் சாச்சிக்கு அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த வருடம் அனுப்பினேன். "எங்கட முத்தமா இது?" என்று கேட்டு மூன்று தடவை பதில் போட்டிருந்தார்.

டிசெம்பரில் சாச்சி வருகிறார். என்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டபோது உம்மா கிழங்குப் பேச்சை எடுக்கவில்லை. தொலைபேசியை வாங்கிய உம்மும்மாதான் சொன்னார்: "ஒண்டும் வாணாம் மகள். அந்தப் பூப் படத்தைப் பெரிசா ஒண்டு அடிச்சு எடுத்துக்கொண்டு வா."