ஆற்காடு தலைநகர் அந்தஸ்தை இழந்தது எப்போது?

செய்யாறு, ஆரணிப் பக்கம் ஆற்காட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு விளக்கம் தயாராக வந்துவிடும்: மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் நகரை அழித்தார்கள், அதனால்தான் கர்நாடக நவாப் தன் தலைநகரை விட்டுச் சென்னைக்குக் குடிபோனார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது.

ஹைதர் ஆற்காட்டைப் பிடித்தது 1780இல். நவாப் முகமது அலியின் சேப்பாக்கம் அரண்மனையோ 1768லேயே எழும்பிவிட்டது.

அப்படியானால் 1751 முற்றுகைதான் நகரை முடித்ததா? அதுவும் இல்லை. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கிளைவ் வந்தபோது, நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் காவற்படை சண்டையே போடாமல் கோட்டையை விட்டுப் போயிருந்தது. பிறகு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டார். கடைசித் தாக்குதலில், நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை முட்டி உடைக்க ஏவினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் அவை திரும்பி, தம் படையையே மிதித்துக்கொண்டு ஓடின. கிளைவின் அந்த வெற்றியால் பலன் அடைந்தவர் முகமது அலிதான். 1752இல் போட்டியாளர் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். பகை ஒழிந்தும் முகமது அலி ஏன் ஆற்காட்டில் தங்கவில்லை?

காரணம் பிளவு அரசியல். ஒரே அரியணைக்கு இரண்டு பேர். சந்தா சாகிப் பின்னால் பிரெஞ்சுக்காரர், முகமது அலி பின்னால் ஆங்கிலேயர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆற்காட்டைப் பிடித்தார். 1760இல் வந்தவாசிப் போர் முடிந்த சில வாரங்களில் அது மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கம்பெனிப் படை இலவசமாக வரவில்லை. செலவு நவாப் தலையில் விழுந்தது. அந்தச் செலவை ஈடுகட்டச் சென்னையிலிருந்த கம்பெனி அதிகாரிகளிடமே வட்டிக்குக் கடன் வாங்கினார். காவலும் கடன் கொடுத்தவர்களும் ஒரே ஊரில் இருக்க, நவாபும் அங்கேயே போனார்.

மைசூர்ப் படை செய்ததை மறைக்கவேண்டியதில்லை. 1780 படையெடுப்பில் நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் ஊர்கள் எரிந்தன. 1782 ஜூன் 2இல் ஆரணியிலேயே ஹைதரும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். திப்பு காலத்தில் ஆற்காட்டு மதில்கள் தகர்ந்தன. மக்களின் நினைவில் அந்த அடி ஆழமாகப் பதிந்ததில் வியப்பில்லை. ஆனால் இடிபட்டது நவாப் ஏற்கெனவே விட்டுப்போன நகரம்.

விட்டுப்போன தலைநகருக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு. போரால் பிளவுபட்ட பெர்லினை விட்டு மேற்கு ஜெர்மனி 1949இல் பான் நகருக்குப் போனது. 1991இல் நாடாளுமன்றம் வாக்களித்துப் பெர்லினுக்கே திரும்ப முடிவெடுத்தது. ஆற்காட்டுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. 1801இல் கம்பெனி ஆட்சியையே எடுத்துக்கொண்டது. ‘ஆற்காடு இளவரசர்’ பட்டம் இன்றும் இருக்கிறது. அவர் வசிப்பது சென்னை ராயப்பேட்டை அமீர் மஹாலில்.