மக்கள் காசுல வாங்குன எழுத்து, மக்கள் போனுக்கு வரணும்!

1949-ல் பாரதியின் எழுத்துரிமையை அரசே வாங்கியது. அதுக்கப்புறம் எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள், குடும்பத்துக்குப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆகியிருக்கு. இல்லைன்னா காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் மறைந்து 60 வருஷம் காத்திருக்கணும். பெருமைதான்!

ஆனா உரிமை மட்டும் போதுமா? பல நூல்கள் இணையத்துல வெறும் ஸ்கேன் படமாத்தான் கிடக்கு. ஒரு சொல்லைத் தேட முடியாது. பார்வையற்ற மாணவருக்கு ஸ்கிரீன் ரீடர் ஒழுங்கா வாசிச்சுக் காட்டாது.

1998-லிருந்து மதுரைத் திட்டத் தன்னார்வலர்கள் சம்பளமே வாங்காம தட்டச்சு செஞ்சு இலவசமா கொடுக்குறாங்க. அவங்களால முடிஞ்சது அரசால முடியாதா?

நாட்டுடைமை அரசாணையிலேயே யூனிகோட் வடிவம் கட்டாயம்னு சேருங்க. கோட்டையில கேட்கிற வரைக்கும் பகிருங்க நண்பர்களே!

#நாட்டுடைமை #யூனிகோட்தமிழ்