கோடி கொட்டினால்தான் துடிக்குமா?

திண்டிவனத்திலிருந்து புதுவைக்குப் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் இரும்பை என்றொரு சிற்றூர். அங்கே மாகாளேசுவரர் கோயில். கருவறையில் இருப்பது வெடித்த இலிங்கம். கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாடினார், கல் பிளந்தது என்கிறது தலபுராணம். பிளந்த கல்லைச் செப்புத் தகட்டால் பிணைத்து வைத்து வழிபாடு நடத்துகிறார்கள். சித்தர் பாடினாரா, கல் கேட்டதா என்ற ஆராய்ச்சியில் நாம் இறங்கப்போவதில்லை. ஆண்டவனுக்கே ஊறு நேர்ந்தாலும் உலோகத்தைத் தேடி ஓடவேண்டியவன் மனிதன்தான் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, பேச வந்த செய்திக்கு வருகிறோம்.

பிளவுண்ட கல்லுக்குச் செம்பு கிடைத்துவிட்டது. தளர்ந்துபோன மனித இதயத்துக்கு என்ன கிடைக்கிறது?

இரும்பைக்கு வடக்கே மரக்காணம். கண்ணைப் பறிக்கும் வெயிலில், கண்ணைக் கூசவைக்கும் வெண்மையில், பாத்தி மிதித்து உப்பு வாரும் மக்கள். அவர்களில் ஒருவருக்கு இதயம் தளர்ந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முதலில் சொல்லுவது என்ன தெரியுமா? உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி! நாள் முழுதும் உப்பிலே நின்று, வியர்வையாய் உப்பையும் நீரையும் இழப்பவருக்கு இந்த அறிவுரை. மருத்துவர் மீது குற்றமில்லை. அந்த நோயின் இலக்கணம் அது. ஆனால் நோயாளி அதைக் கடைப்பிடிக்க வேண்டுமானால் உப்பளத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறினால் அடுப்பு எரியாது.

மாரடைப்பு வேறு, இதயச் செயலிழப்பு வேறு. முன்னது இடி, பின்னது அரிப்பு. நல்ல இதயத்தின் இடது கீழறை, தன்னுள் நிறைந்த குருதியில் பாதிக்கு மேல் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும். தளர்ந்த இதயம் கால் பங்கைத் தள்ளவே திணறும். கால் வீங்கும். நாலடி நடந்தால் மூச்சு இரைக்கும். படுத்தால் திணறும், ஆகவே உட்கார்ந்தபடியே உறங்குவார்கள். "வயசாயிடுச்சு, இளைப்பு" என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

திருவனந்தபுரத்தில் 2013ஆம் ஆண்டு 1,205 நோயாளிகளைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் 100க்கு 59 பேர் மறைந்துபோனார்கள். இதயம் வலுவிழந்திருந்தோரில் உரிய மருந்துகளை முறைப்படி பெற்று வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒருவரே! படித்தவர் நிறைந்த மலையாள நாட்டிலேயே இந்த நிலை என்றால், மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல?

மருந்துக்கும் அடங்காத கட்டத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று மாற்று இதயம். மற்றொன்று இயந்திரப் பம்பு.

1982 டிசம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு முழுச் செயற்கை இதயம் பொருத்தினார்கள். பெரிய எந்திரத்தோடு குழாய்களால் கட்டுண்டு 112 நாள் வாழ்ந்தார். இன்றைய பம்பு இதயத்தை அகற்றுவதில்லை, துணைக்கு நிற்கிறது. இடது கீழறையின் நுனியில் பொருத்துகிறார்கள். உள்ளே ஒரு சிறு சுழலி, காந்த விசையால் எதிலும் உரசாமல் மிதந்து சுழல்கிறது. குருதியை இழுத்துப் பெருந்தமனிக்குள் செலுத்துகிறது. வயிற்றைத் துளைத்து வெளியே வரும் ஒரு கம்பி, இடுப்பிலே கட்டிய மின்கலங்களோடு சேர்கிறது. சுழற்சி இடையறாதது என்பதால் பலருக்குக் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடியே தெரியாது! நாடி பிடித்து ஊழ்வினை சொன்ன பரம்பரை இதைக் கண்டால் திகைத்துத்தான் போகும்.

இந்த வகைப் பம்பு பொருத்தியோரில் 100க்கு 58 பேர் ஐந்தாண்டு கடந்தும் வாழ்ந்தார்கள் என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அவர்கள் திருவனந்தபுரத்துக்காரர்களைவிட முற்றிய நோயாளிகள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். குறைகள் இல்லாமல் இல்லை. கம்பி நுழையும் இடத்தில் சீழ் பிடிக்கலாம். குருதிக் கசிவு, பக்கவாதம் நேரலாம். குருதி உறையாமலிருக்க நாள்தோறும் மாத்திரை வேண்டும். ஆயினும் சாவின் வாயிலில் நிற்பவனுக்கு ஆண்டுகள் கிடைக்கின்றன.

சென்னையிலே இதைப் பொருத்தும் திறமிக்க மருத்துவர்கள் இருக்கிறார்கள். விலையைக் கேட்டால்தான் நல்ல இதயமும் ஒரு துடிப்பைத் தவறவிடும். பம்பும் அறுவையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய்! போட்டிக்கு இருந்த பம்பின் விற்பனையை 2021இல் அதன் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. சந்தை பெரும்பாலும் மற்றோர் அமெரிக்க நிறுவனத்தின் கையில். ஏகபோகத்தின் விலை அப்படித்தான் இருக்கும்.

நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள்: ஒருவருக்கு ஒரு கோடி செலவிடுவதா? அந்தப் பணத்தில் ஆயிரம் பேருக்கு மாத்திரை கொடுக்கலாமே! நியாயமான கேள்வி. நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. முதல் ரூபாய் மாத்திரைக்கே போகவேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும், 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாரடைப்பின் முதல் மருந்தைக் கொண்டுவந்த இதயம் காப்போம் திட்டமும் அந்த வழியில் வந்தவை. வீடு தேடி வரும் பணியாளர் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்ப்பதோடு, கால் வீக்கத்தையும் கேட்கட்டும்; "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்" என்றும் கேட்கட்டும்.

ஆனால் கணக்குப் போடுகிறவர்களை நாமும் ஒன்று கேட்கிறோம். ஆலை அதிபரின் மகனுக்குப் பம்பு வைக்கும்போது எவரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லையே, ஏன்? உப்பளத்தான் இதயம் நின்றால் மட்டும் பொருளாதாரம் பேசும் நாக்கு, அங்கே ஏன் ஒட்டிக்கொள்கிறது?

விலை இயற்கையின் கட்டளையும் அல்ல. இதய வால்வும் ஒருகாலத்தில் கப்பலேறி வந்த சீமைச் சரக்குத்தான். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் வலியத்தானும் தோழர்களும் உள்நாட்டு வால்வு செய்யப் புகுந்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அது இயங்கியது, குறைந்த விலையில். பம்புக்கு அந்த முயற்சி வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி. 2021இல் ஒரு திட்டம் தொடங்கி, 'ஹிருத்யந்த்ரா' என்று வடமொழிப் பெயரும் சூட்டியது. பெயரோடு நமக்கு இன்று சண்டையில்லை. பம்பு வரட்டும், அதன் விலை மரக்காணத்துக்கு எட்டட்டும்.

மாற்று இதயத்தில் தமிழ்நாடு பின்தங்கியதில்லை. 2008இல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக் கொடைக்கு இங்கே ஒழுங்கான முறை வகுக்கப்பட்டது. 2023இல் கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை என்று அறிவிக்கப்பட்டது. 2009இல் கலைஞர் தொடங்கிய காப்பீட்டின் வழிவந்த திட்டம், மாற்று இதய அறுவைக்கும் உதவுகிறது. ஆனால் எடுத்த இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பொருத்தப்பட வேண்டும். கொடை வரும்வரை நோயாளி பிழைத்திருக்கவும் வேண்டும். அந்த இடைவெளியைக் கடக்கும் பாலமே பம்பு. அக்கரைக்குச் செலவழிப்போம், பாலத்துக்கு மாட்டோம் என்பது என்ன கணக்கு?

இன்னொன்று. பம்புக்கு மின்சாரம் உணவு. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுவையை ஒட்டிக் கரையேறியபோது, மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது; ஊர்கள் இருளில் கிடந்தன. ஒரு செட்டு மின்கலம் அரை நாளைச் சற்றுக் கடந்து தாங்கும், அவ்வளவே. ஆகவே பம்பைக் கொடுத்து அனுப்பினால் போதாது. புயல் எச்சரிக்கை வந்ததும் அந்த வீட்டுக்கு மாற்று மின்கலம் போகவேண்டும், அல்லது அவரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

காப்பீட்டுப் பட்டியலில் பம்பைச் சேர்க்கக் கோருகிறோம். முதலில் மாற்று இதயத்துக்காகக் காத்திருப்போருக்கு, சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் தொடங்கட்டும். பம்புகளை மாநிலமே மொத்தமாகப் பேரம் பேசி வாங்கட்டும். தில்லி அரசு, ஸ்டென்டுக்கு 2017இல் விலை வரம்பு விதித்ததே, அதே அதிகாரத்தை இதற்கும் பயன்படுத்தட்டும். யாருக்கு முதலில் என்பதை வரிசையும் நோயின் கடுமையும் தீர்மானிக்கட்டும். பரிந்துரைக் கடிதம் தீர்மானிக்கக்கூடாது.